பொதுப் பட்டியலில் மாநிலச் சட்டம் எப்போது நிற்கும், எப்போது விழும்?

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், சட்டமன்றமும் இயற்றலாம். மோதினால் நாடாளுமன்றச் சட்டம் செல்லும், 254(1). குடியரசுத் தலைவர் ஒப்புதல் இருந்தால் மாநிலச் சட்டம் செல்லும், 254(2). பாடப்புத்தகம் இத்தோடு முடித்துக்கொள்கிறது.

ஆனால் தமிழ்நாட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2009 ஜல்லிக்கட்டுச் சட்டம் விழுந்தது, 2017 சட்டம் நின்றது. நில எடுப்பில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிய சட்டத்தையே 2019-இல் உயர் நீதிமன்றம் அடித்தது. பிறகு வேறொரு சட்டம் போட்டு நிமிர்த்தினார்கள். நீட் விலக்கு மசோதா சட்டமாகவே ஆகவில்லை. எல்லாவற்றிலும் பேசப்படுவது அரசமைப்பின் அதே 254-ஆம் பிரிவு. எங்கே வித்தியாசம் வருகிறது? கோப்பு நகரும் வழியோடு யாராவது விளக்குங்கள். "எல்லா அதிகாரமும் டெல்லிக்குத்தான்", "மாநிலத்துக்கு முழு உரிமை உண்டு" என்ற இரண்டு பதிலும் எனக்கு உதவாது.

சட்டமேசை:

நல்ல கேள்வி. 254-இல் தொடங்காதீர்கள், 246-இல் தொடங்குங்கள். அதைத் தாண்டிக் குதிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள். 1950-இல் ஒன்றியப் பட்டியலில் 97 பதிவுகள், மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47. பிறகு சேர்த்தும் நீக்கியும் எண்ணிக்கை மாறியது. 246-இன் முதல் உட்பிரிவு ஒன்றியப் பட்டியலுக்கானது. "மற்ற உட்பிரிவுகளில் என்ன சொல்லியிருந்தாலும்" என்று தொடங்குகிறது. மாநிலப் பட்டியலுக்கான மூன்றாம் உட்பிரிவோ "முதல் இரண்டுக்கும் உட்பட்டு" என்று தொடங்குகிறது. ஆக மூன்று பட்டியலும் சம உயரத்தில் நிற்கவில்லை. ஒரே சட்டம் இரண்டு பட்டியலிலும் விழுகிற மாதிரி இருந்து, எப்படிப் படித்தும் இணக்கமாக்க முடியாவிட்டால், ஒன்றியப் பட்டியல் வெல்லும்.

அடுத்தது பதிவுகளுக்குள் இருக்கும் "உட்பட்டு" என்ற சொல். மாநிலப் பட்டியலில் காவல்துறை (2), ஒன்றியப் பட்டியலின் 2-ஏ பதிவுக்கு உட்பட்டது. தண்ணீர் (17), ஒன்றியப் பட்டியல் 56-க்கு உட்பட்டது. சுரங்கம் (23) அதே பட்டியலின் 54-க்கும், தொழில்கள் (24) 7-க்கும் 52-க்கும் உட்பட்டவை. சரக்கு வணிகம் (26), பொதுப் பட்டியலின் 33-க்கு உட்பட்டது. 2020 வேளாண் சட்டங்களை ஒன்றிய அரசு அந்த 33-ஐக் காட்டித்தான் கொண்டுவந்தது. வேளாண்மையும் சந்தையும் மாநிலப் பட்டியலில் (14, 28) இருந்தும்.

இதையெல்லாம் கடந்து, இரண்டு சட்டமும் பொதுப் பட்டியலின் கீழ்தான் வருகின்றன என்று உறுதியான பிறகே 254 வேலை செய்யத் தொடங்கும். 1983-இல் ஹோக்ஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மாநிலப் பட்டியலின் கீழ் போட்ட சட்டத்துக்கும் ஒன்றியப் பட்டியலின் கீழ் போட்ட சட்டத்துக்கும் உரசல் என்றால் அது 254 விவகாரமே அல்ல. சட்டத்தின் சாரம் எந்தப் பட்டியலில் அடங்குகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். ஓரமாக அடுத்த பட்டியலைத் தொட்டாலும் செல்லும்.

இனி முரண்பாடு. 1979-இல் மு. கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் கேள்வியே இதுதான்: தமிழ்நாட்டின் 1973-ஆம் ஆண்டு பொது வாழ்வில் உள்ளோர் ஊழல் சட்டம், இந்திய தண்டனைச் சட்டத்தோடும் ஊழல் தடுப்புச் சட்டத்தோடும் மோதுகிறதா? மோதவில்லை என்றது நீதிமன்றம். இரண்டும் வெவ்வேறு குற்றங்களை உருவாக்குகின்றன, பக்கத்தில் பக்கத்தில் இயங்க முடியும் என்பது காரணம். ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதை மீற வேண்டியிருக்கும் நிலை, அல்லது அந்தத் துறையை முழுக்கத் தானே ஆளுவதாக நாடாளுமன்றம் எண்ணியது தெளிவாகத் தெரியும் நிலை, இந்த இரண்டில் ஒன்று வேண்டும். ஒரே தலைப்பில் இரண்டு சட்டம் இருப்பது மட்டும் முரண்பாடு ஆகாது. முரண்பட்டாலும் முரண்படும் அளவுக்கு மட்டுமே செல்லாது. சட்டம் முழுக்கப் போய்விடாது.

ஜல்லிக்கட்டு இதற்கு நேரான உதாரணம். விலங்குகள் வதைத் தடுப்பு, பொதுப் பட்டியலில் 17-ஆம் பதிவு. 2009 மாநிலச் சட்டம் 1960-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தோடு மோதுவதாகச் சொல்லி, 2014 மே 7 அன்று 254(1)-ஐக் காட்டிச் செல்லாதென்றார்கள். 2017-இல் வழியே வேறு: தனிச் சட்டம் போடாமல் 1960 சட்டத்துக்கே தமிழ்நாட்டுத் திருத்தம். ஜனவரி 21 அவசரச் சட்டம், 23-இல் மசோதா நிறைவேற்றம், 31-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது.

கோப்புக்குறிப்பு:

சட்டமேசை அண்ணன் சொன்னதற்குப் பின்னால் நடக்கிற வேலையை நான் சேர்க்கிறேன். பொதுப் பட்டியல் மசோதாவின் விதி சட்டமன்ற விவாதத்தைவிட, அதோடு போகிற விளக்கக் குறிப்பில்தான் அதிகம் முடிவாகிறது.

மசோதா நிறைவேறியதும் 200-ஆம் பிரிவின்படி ஆளுநரிடம் போகும். மத்தியச் சட்டத்தோடு மோதல் இருப்பதாக மாநிலமே கருதினால், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்கும்படி மாநில அரசே கேட்கும். அங்கிருந்து உள்துறை அமைச்சகம். அந்த அமைச்சகம் சம்பந்தப்பட்ட எல்லா அமைச்சகங்களுக்கும் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்கும். மூன்று கோணத்தில் பார்ப்பதாக அமைச்சகமே சொல்கிறது: மத்தியச் சட்டத்தோடு முரண், தேசியக் கொள்கையிலிருந்து விலகல், சட்ட, அரசமைப்புச் செல்லுபடி. இரண்டாவது கோணத்தைக் கவனியுங்கள். 254(2)-இல் "கொள்கை" என்ற சொல்லே கிடையாது. ஆனால் கோப்பு அங்கேதான் தேங்கும். ஒரு அமைச்சகம் விளக்கம் கேட்டால் கேள்வி மாநிலத்துக்குத் திரும்பி வரும், பதில் போகும், மறுபடி சுற்று.

இப்போது முக்கியமான இடம். 2002-இல் கைசர்-இ-ஹிந்த் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது: குடியரசுத் தலைவரின் ஒப்புதல், எந்தெந்த மத்தியச் சட்டத்தோடு முரண் என்று அவர் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டதோ அவற்றுக்கு எதிராக மட்டுமே மாநிலச் சட்டத்தைக் காக்கும். குறிப்பில் இரண்டு சட்டங்களைச் சொல்லி மூன்றாவதை விட்டுவிட்டால், மூன்றாவதற்கு எதிராக அந்த ஒப்புதல் வெறும் கையெழுத்துதான். அதனால் குறிப்பு எழுதுகிறவர் செய்ய வேண்டியது: மோதக்கூடிய ஒவ்வொரு மத்தியச் சட்டத்தையும் பெயர், ஆண்டு, பிரிவு எண்ணோடு பட்டியலிடுவது, மசோதாவின் எந்தப் பிரிவு எதோடு முட்டுகிறது என்று எதிரெதிரே வைத்துக் காட்டுவது, ஏன் அந்த விலகல் தேவை என்பதற்குக் காரணம் எழுதுவது. "முரண் இருக்கலாம் என்பதால் எச்சரிக்கையாக அனுப்புகிறோம்" என்ற ஒரு வரிக் குறிப்பு பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் உதவாது.

அவசரச் சட்டத்துக்கும் இது பொருந்தும். சாதாரணமாக ஒதுக்கி வைக்க வேண்டிய பொருளில் ஆளுநர் அவசரச் சட்டம் போட வேண்டுமானால், 213-இன்படி குடியரசுத் தலைவரின் அறிவுறுத்தல் முன்கூட்டியே வேண்டும். 2017 ஜனவரியில் மத்திய அமைச்சகங்களைச் சுற்றி வந்த பிறகே அது கையெழுத்தானது.

மருதநிலம்:

நில எடுப்பு விஷயத்தை விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன். இந்த இழையில் இதைவிடப் பாடம் சொல்லும் வழக்கு கிடையாது. ஒப்புதல் இருந்தும் விழுந்தது, ஒரே ஒரு தேதியால்.

தமிழ்நாட்டில் மூன்று நில எடுப்புச் சட்டங்கள் தனியாக இருந்தன: 1978 அரிஜன நலத்திட்டச் சட்டம், 1997 தொழில் நோக்கத்துக்கான சட்டம், 2001 நெடுஞ்சாலைகள் சட்டம். மூன்றுக்கும் 1894-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்கு எதிராகக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இருந்தது. 2013-இல் நாடாளுமன்றம் புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு, கூடுதல் இழப்பீடு, மறுவாழ்வு எல்லாம் அதில் வந்தன. அதன் 105-ஆம் பிரிவு சில மத்தியச் சட்டங்களுக்கு விலக்குத் தந்தது. அதே பாணியில் தமிழ்நாடு 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, தன் மூன்று சட்டங்களுக்கும் விலக்குக் கொடுத்தது. 2014-இல் மசோதா, 2015 ஜனவரி 1-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், 2014 ஜனவரி 1 முதல் அமல் என்று முன்தேதி. மத்தியச் சட்டம் அமலுக்கு வந்த நாள் அதுதானே, கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நினைத்தார்கள்.

பொருந்தவில்லை. முரண்பாடு பிறப்பது சட்டம் அமலுக்கு வரும் நாளில் அல்ல, சட்டம் "இயற்றப்படும்" நாளில். 2013 சட்டம் இயற்றப்பட்டதாக நீதிமன்றம் கொண்ட நாள் 2013 செப்டம்பர் 27. அன்றே மூன்று மாநிலச் சட்டங்களும் 254(1)-இன்படி செல்லாதவை ஆகிவிட்டன. 1894 சட்டத்துக்கு எதிராக வாங்கிய பழைய ஒப்புதல் புதிய சட்டத்துக்கு எதிராகத் துணை நிற்காது. ஏற்கெனவே உயிர் போன சட்டத்துக்கு 105-ஏ விலக்குத் தருகிறது, ஆனால் உயிர் தரவில்லை. 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் ரத்து செய்தது.

மாநிலம் என்ன செய்தது என்பது இன்னும் முக்கியம். அதே மாதம் புத்துயிர் அளிப்பு, திருத்தம், செல்லுபடியாக்கல் என்ற பெயரில் ஒரு மசோதா. மூன்று சட்டங்களையும் மறுபடி இயற்றியதாக ஆக்கி, 2013 செப்டம்பர் 26 முதல் அமல் என்று முன்தேதியிட்டு, 2013 சட்டத்துக்கு எதிராகவே 2019 டிசம்பர் 2 அன்று ஒப்புதல் வாங்கினார்கள். ஜி. மோகன் ராவ் வழக்கில் 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. நிலம் கொடுத்தவர்களுக்கு இது நல்லதா என்பது வேறு கேள்வி. என் கருத்தில் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்புகள் சிலவற்றை அவர்கள் இழந்தார்கள். ஆனால் அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை இங்கே சுத்தமாகக் கிடைக்கிறது. அதிகாரம் முதலிலிருந்தே இருந்தது. எழுதிய முறைதான் தவறு.

தாமிரபரணி:

மருதநிலம் ஐயா, இது இவ்வளவு தெளிவாக எங்கும் படிக்கவில்லை. நன்றி. அப்படியானால் நாளை நாடாளுமன்றம் 2013 சட்டத்தைத் திருத்தினால் மறுபடி முதலிலிருந்தா?

மருதநிலம்:

ஆமாம், முட்டுகிற அளவுக்கு. 254(2)-க்குக் கீழே ஒரு வரம்புரை இருக்கிறது: ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தைக்கூட நாடாளுமன்றம் பிற்பாடு சேர்க்கலாம், திருத்தலாம், மாற்றலாம், நீக்கலாம். 1954 சவேர்பாய் வழக்கிலிருந்தே அப்படித்தான். ஆகவே ஒப்புதல் நிரந்தரக் கவசம் ஆகாது. ஒரு மத்தியச் சட்டத்தை முழுக்க நீக்கிப் புதிய சட்டம் வரும்போதெல்லாம், பழைய சட்டத்துக்கு எதிராக ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டங்கள் என்னென்ன என்று மாநிலச் சட்டத்துறை அன்றைக்கே உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டும். 2013-இல் அது நடக்காமல் போனதன் விலை ஆறு வருடம்.

வேங்கைமரம்:

நீட் பற்றி யாரும் எழுதவில்லையே. அங்கே 254(2) உதவவே உதவாது என்பது என் வாதம். பொதுப் பட்டியலில் கல்வி 25-ஆம் பதிவு. அதுவே ஒன்றியப் பட்டியலின் 63, 64, 65, 66-க்கு உட்பட்டது. உயர்கல்வித் தரத்தை நிர்ணயித்து ஒருங்கிணைப்பது 66. நுழைவுத் தேர்வு தரம் பற்றியது. அப்புறம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால்கூட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லையே.

சட்டமேசை:

வேங்கைமரம், இதில் உங்களோடு உடன்படவில்லை. 66-ஐ அவ்வளவு அகலமாக நீதிமன்றமே படிக்கவில்லை. 2016 மே 2 அன்று மாடர்ன் டென்டல் காலேஜ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாணவர் சேர்க்கையும் நுழைவுத் தேர்வும் கட்டணமும் 25-ஆம் பதிவைச் சேர்ந்தவை, 66 தரத்தை ஒருங்கிணைப்பதோடு நிற்கிறது என்றது. 2020 ஆகஸ்ட் 31 அன்று தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்க வழக்கில் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு, பட்ட மேற்படிப்பில் அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, 66-ஐ வைத்து மருத்துவக் கவுன்சில் அதைத் தடுக்க முடியாது என்றது.

முன்னுதாரணமும் இருக்கிறது. தொழிற்கல்விச் சேர்க்கையில் நுழைவுத் தேர்வை நீக்கிய 2006 சட்டம் (2007-இன் 3-ஆம் சட்டம்) குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு வந்தது. 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. 254(2) வழி மூடியிருந்தால் அந்த ஒப்புதலுக்கு அர்த்தமே இல்லை.

2017 மசோதாக்களுக்கும் 2021 மசோதாவுக்கும் நடந்தது வேறு. ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 13-இல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022 பிப்ரவரி 8-இல் மறுபடி நிறைவேறி, குடியரசுத் தலைவருக்குப் போய், மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லி அது விழவில்லை. 201-இல் குடியரசுத் தலைவர் மறுக்கலாம், அவர் அமைச்சரவை ஆலோசனைப்படி செயல்படுவார். அதாவது முடிவு ஒன்றிய அரசுடையது. பொதுப் பட்டியலின் உண்மையான சாய்வு இங்கேதான் இருக்கிறது. எந்தச் சட்டத்தோடு மோதுகிறதோ அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரிடமே விலக்குக் கேட்க வேண்டும். இதை நான் நியாயமான அமைப்பாகக் கருதவில்லை.

வேங்கைமரம்:

மாடர்ன் டென்டல் தீர்ப்பின் அந்தப் பத்திகளை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். சேர்க்கை 25-இல் வருகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் தரத்தை நேரடியாகக் குறைக்கிற சேர்க்கை முறை என்றால் 66 குறுக்கே வரும் என்பதையும் அதே வரிசைத் தீர்ப்புகள் சொல்கின்றன. அதனால் மாநிலம் மசோதாவோடு தரம் குறையாது என்பதற்கான தரவையும் வைக்க வேண்டும்.

கோப்புக்குறிப்பு:

சரியான கூடுதல். 2021 மசோதாவுக்கு முன் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அமைத்தது அதற்காகத்தான்.

ஒப்புதல் தேவைப்படாத வழியும் ஒன்று இருந்ததை மறக்கக் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நீட்டோடு மோதவில்லை. நீட் தேறியவர்களுக்குள் இடத்தைப் பங்கிடுகிறது. முரண் இல்லாததால் குடியரசுத் தலைவரிடம் போக வேண்டியிருக்கவில்லை. ஆளுநர் கையெழுத்து தாமதமானபோது 2020 அக்டோபர் 29 அன்று 162-ஆம் பிரிவின்கீழ் அரசாணை போட்டார்கள்; மறுநாள் ஆளுநர் ஒப்புதல் வந்தது. மத்தியச் சட்டத்துக்கு எதிரே நிற்காமல் அது விட்டுவைத்த இடத்துக்குள் வரைவு எழுதுவது பல நேரம் வேகமான வழி.

செந்நெல்:

ஆளுநர் வைத்துக்கொண்டே இருந்தால்? கெடு உண்டா இல்லையா? ஒவ்வொரு தொலைக்காட்சியும் ஒவ்வொன்று சொல்கிறது.

சட்டமேசை:

இன்றைய நிலை வரிசையாக:

2023 நவம்பர் 10, பஞ்சாப் வழக்கு. ஒப்புதலை நிறுத்திவைத்தால் மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். பையில் போட்டுக்கொள்ள முடியாது. அதே மாதம் தமிழ்நாட்டில் 10 மசோதாக்கள் திரும்பி வந்தன, நவம்பர் 18 சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேறின, 28-இல் ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு, அந்த ஒதுக்கல் செல்லாது, 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது, காலக்கெடுவும் விதித்தது. பிறகு குடியரசுத் தலைவர் 143-இன்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 கேள்விகளை அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: அரசமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, "ஒப்புதல் பெற்றதாகக் கொள்வது" என்பதும் கிடையாது. ஆனால் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க ஆளுநருக்கு உரிமை இல்லை. நீண்ட, விளக்கமற்ற தாமதம் என்றால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

நடைமுறையில் இதன் பொருள்: நாள் கணக்கு இல்லை. ஆகவே மாநிலம் அனுப்பிய தேதி, நினைவூட்டல் கடிதங்கள், கேட்ட விளக்கத்துக்குக் கொடுத்த பதில் எல்லாம் கோப்பில் தேதியோடு இருக்க வேண்டும். தாமதத்தை நிரூபிக்க வேறு சாட்சி கிடையாது.

செந்நெல்:

அந்த மசோதாக்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகம் பற்றியவை. 1976-இல் கல்வி பொதுப் பட்டியலுக்குப் போனதுதானே எல்லாவற்றுக்கும் மூலம்? திரும்ப மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

மருதநிலம்:

பாதி சரி. 42-ஆவது திருத்தம் 1977 ஜனவரி 3 முதல் கல்வி, காடு, வனவிலங்கு பறவைகள், எடை அளவைகள், கீழ்நீதிமன்ற அமைப்பு ஆகிய ஐந்தையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் செய்த இந்த மாற்றம் இன்றும் அப்படியே நிற்கிறது.

ஆனால் பழைய மாநிலப் பட்டியலின் 11-ஆம் பதிவை எடுத்துப் படியுங்கள். "பல்கலைக்கழகங்கள் உட்படக் கல்வி" என்று சொன்ன அதே வரியில் 63 முதல் 66 வரையிலான ஒன்றியப் பதிவுகளுக்கு உட்பட்டது என்றும் இருந்தது. ஆக 25-ஐத் திருப்பி வைத்தாலும் 66 அங்கேயே இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டமே 1956-ஐச் சேர்ந்தது, 42-ஆவது திருத்தத்துக்கு இருபது ஆண்டு மூத்தது. பள்ளிக் கல்வியில்தான் பெரிய லாபம் கிடைக்கும். உயர்கல்விக்கு 66-இன் சொற்களையே குறுக்க வேண்டும். இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை: பல்கலைக்கழகங்களை நிறுவுவதும் ஒழுங்குபடுத்துவதும் இன்றும் மாநிலப் பட்டியலின் 32-இல் இருக்கிறது.

வழிமுறை 368(2). இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை, வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. அதன் பிறகு பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல், இன்றைய 28-இல் 14. ஒரு மாநிலத் தீர்மானம் கோரிக்கை மட்டுமே.

நிதிக்கணக்கு:

சட்டத்தை மட்டும் பேசுகிறீர்கள். நிர்வாக அதிகாரத்தைத் தொடவில்லை. 73-ஆம் பிரிவின் வரம்புரையைப் பாருங்கள்: பொதுப் பட்டியல் பொருளில் நாடாளுமன்றச் சட்டம் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, நிறைவேற்றும் அதிகாரம் மாநிலத்திடமே. அதாவது நாடாளுமன்றம் சட்டம் போட்டாலும் ஆட்களும் அலுவலகமும் மாநிலத்துடையவை. இந்த இடத்தைத்தான் பணத்தால் சுற்றிப் போகிறார்கள். 282-ஆம் பிரிவு எந்தப் பொது நோக்கத்துக்கும் மானியம் தரலாம் என்கிறது, பட்டியல் எது என்று பார்ப்பதில்லை. ஒன்றிய அரசு மாநிலத்தோடு செலவைப் பகிர்ந்து நடத்தும் திட்டங்கள் அதன் மேல் நிற்கின்றன. 60:40 பங்கு, ஒப்பந்தத்தில் நிபந்தனை. பி.எம். ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் நிபந்தனை இருந்ததால் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் ரூ.2,100 கோடிக்கு மேல் நின்றது. மாநிலம் 2025 மே மாதம் 131-இன்கீழ் உச்ச நீதிமன்றம் போனது. ஒரு கொள்கை ஆவணம் சட்டமே அல்ல, அதோடு 254 மோதாது. நிதி நிபந்தனையாக வந்ததும் சட்டத்தைவிடக் கடுமையாகக் கட்டுகிறது.

வரிப் பங்கிலும் இதே மாதிரி. 15-ஆவது நிதிக் குழு 41 விழுக்காடு என்றது. ஆனால் செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான மேல்வரி), கூடுதல் வரி இரண்டும் மாநிலங்களோடு பகிரும் தொகுப்புக்கு வெளியே.

வேங்கைமரம்:

ஜி.எஸ்.டி.யும் பொதுப் பட்டியல்தானே? அங்கேயும் 254 வருமா?

நிதிக்கணக்கு:

வராது. ஜி.எஸ்.டி. எந்தப் பட்டியலிலும் இல்லை. 101-ஆவது திருத்தம் கொண்டுவந்த 246-ஏ, "246, 254 ஆகிய பிரிவுகளில் என்ன சொல்லியிருந்தாலும்" என்றே தொடங்குகிறது. மாநில ஜி.எஸ்.டி. சட்டம் மத்தியச் சட்டத்தோடு வேறுபட்டால் தானாக மத்தியது மேலோங்காது. 2022 மே 19 மோஹித் மினரல்ஸ் தீர்ப்பு இதைச் சொல்லி, ஜி.எஸ்.டி. மன்றத்தின் பரிந்துரைகள் கட்டாயமல்ல, மதிப்புள்ள ஆலோசனை என்றது. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை ஒன்றியத்துக்கு மட்டுமே, 246-ஏ(2).

மன்றத்தின் வாக்குக் கணக்கு: ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, நிறைவேற நான்கில் மூன்று. ஒன்றியம் இல்லாமல் எதுவும் நகராது. சட்டமன்றமுள்ள 31 உறுப்பினர்களும் வந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் சுமார் 2.15 விழுக்காடு, எதிர்த்துத் தடுக்க 12 பேர் வேண்டும் (25.8), 11 போதாது. முதல் வாக்கெடுப்பே 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்குத்தான் நடந்தது.

தாமிரபரணி:

கடைசியாக ஒன்று. அப்படியானால் மாநிலப் பட்டியலில் இருப்பதாவது பாதுகாப்பானதா?

சட்டமேசை:

வரிகளில் ஓரளவு ஆமாம். வரிப் பதிவுகளைத் தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பொதுப் பட்டியலில் பெரிய வரி எதுவும் கிடையாது. கனிமத்தைப் பாருங்கள். 1989 இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், ராயல்டி (கனிமம் எடுப்பதற்காகச் சுரங்கக் குத்தகைதாரர் கட்டும் தொகை) மீது தமிழ்நாடு போட்ட உள்ளாட்சி செஸ் செல்லாது, ராயல்டியே வரிதான் என்றார்கள். 35 ஆண்டு அது நின்றது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர், ராயல்டி வரியல்ல, மாநிலப் பட்டியல் 50-இன்கீழ் கனிம உரிமைக்கும் 49-இன்கீழ் கனிமம் உள்ள நிலத்துக்கும் மாநிலம் வரி போடலாம் என்று மாற்றினார்கள். அந்த ஆண்டே தமிழ்நாடு கனிம வள நில வரிச் சட்டம் போட்டது. 2025 ஏப்ரல் 4 முதல் நடைமுறை. அதே 50-இலும் ஒரு கண்ணி உண்டு: கனிம வளர்ச்சி தொடர்பாக நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பு விதிக்கலாம். இப்போதுள்ள சட்டத்தில் அப்படி வரம்பு இல்லை என்றுதான் தீர்ப்பு. நிலத்தின் மீதான 49-இல் அந்த வாசகம் இல்லை. அதனால் வரைவில் எந்தப் பதிவைச் சாய்ந்து நிற்கிறோம் என்பதை முகப்பிலேயே தெளிவாக எழுத வேண்டும்.

கோப்புக்குறிப்பு:

தொடங்கியவருக்கு ஒன்று. நில எடுப்பின் 2019 புத்துயிர்ச் சட்டத்தின் நோக்க உரையையும் ஜி. மோகன் ராவ் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தச் சட்டத்துக்கு எதிராக, எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பிரிவுகள் வேறுபடுகின்றன என்ற மூன்றையும் அது எப்படிச் சொல்கிறது என்று பார்த்தால், 2014 திருத்தத்தில் விடுபட்டது எது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.